பச்சை மெசினும் வெள்ளைத் தாளும்

கழுவுதொட்டிக்குள் கிடந்த தேக்கரண்டியைச் சபூரா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். கரண்டியின் குழியில் சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி ஏதோ அப்பிக்கிடந்தது. அதற்குள் ஒரு தலைமயிர் சுருண்டிருந்தது. மயிரின் நுனியில் காய்ந்த மீன் செதிள் ஒன்று மினுங்கியது.

“றமீஸ்!”

விறாந்தையில் எதையோ திருகிக்கொண்டிருந்த தம்பி எழும்பி வந்து குசினி வாசலில் நின்றான். நாற்பது வயதை எட்டப்போகிற ஆள். ராத்தா கூப்பிட்ட விதத்திலேயே விசயம் பிடிபட்டுவிட்டது.

“இது என்ன?”

“கரண்டி.”

“கரண்டி எண்டு எனக்குத் தெரியும். இதில என்ன?”

“அது வஸீர் நானா காலமை கொண்டுவந்த ஊத்தை ராத்தா. சும்மா ஊத்தை இல்ல. தெரிஞ்செடுத்த ஊத்தை.”

அந்தக் கரண்டியால்தான் அவள் விடிய எழும்பித் தேத்தண்ணிக்குச் சீனி போடுவாள். இன்றைக்கும் போட்டாள். அது இந்த ஊத்தைக்கு முன்னமா பின்னமா என்று யோசிக்கப் பயந்து, யோசிக்காமலே கரண்டியை வேலிக்கு அப்பால் வீசி எறிந்தாள். ஒழுங்கையில் நின்ற கழுதை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கடதாசி மென்றது.

“நாளைக்கு ஜெனிஸ்ரா வாறா. ஞாபகம் இருக்கா உனக்கு?”

“இருக்கு ராத்தா.”

“இருந்தா இந்த அரியண்டம் எல்லாம் இண்டைக்கே வெளியால போகோணும். மூண்டு தூசி மெசினும். உன்ர கூட்டாளிமாரும்.”

ஜெனிஸ்ரா பேசாலைக்காரி. மன்னார் டவுனில் விடுதி ஒன்றை நடத்துகிறாள். காற்றாலை வேலைக்கு வந்த இஞ்சினியர்மாரும், பறவை பார்க்க வருகிற வெள்ளைக்காரரும் அங்கேதான் தங்குவார்கள். அவர்களுக்குக் காலைச் சாப்பாடு சமைத்துக் கொடுக்க ஒரு வீடு தேடுகிறாள். இடியப்பம், சொதி, சம்பல், கிழமையில் ஆறு நாளும். சபூராவின் கைப்பக்குவம் அவளுக்கு ஏற்கெனவே பிடித்துவிட்டது. குசினியையும் வீட்டையும் ஒருமுறை தன் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தாள். மனுசன் மௌத்தாகி இத்தனை வருசமும் தெருச்சனத்துக்குச் சாப்பாட்டுப் பொதி கட்டியே காலம் தள்ளிய சபூராவுக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற வேலை போய் நிரந்தரமாக ஒன்று வாய்க்கும் போல் இருந்தது. அதற்கு வீடு சுத்தமாக இருந்தால் போதும். சுத்தத்தில் சபூராவை வெல்ல எருக்கலம்பிட்டியில் ஆளில்லை. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

இந்தச் சுத்தப் பைத்தியம் அவளுக்கு வந்தது புத்தளத்தில். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேறச் சொல்லி ஊரோடு வெளிக்கிட்டபோது றமீசுக்கு நடை சரியாகப் பழகவில்லை. அவளுடைய இடுப்பிலேயே வந்தான். முகாமில் கிடுகுக் கொட்டில், கீழே மணல். பாயை எத்தனை தரம் உதறினாலும் மணல். சோற்றில் மணல், தலைக்குள் பேன், தம்பியின் காலெல்லாம் சொறி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அன்றைக்குத் தும்புத்தடியைக் கையில் எடுத்தாள். பிறகு ஊருக்குத் திரும்பிவந்தும் கீழே வைக்கவில்லை. உம்மா சொல்லுவா, இந்தப் பிள்ளை கூட்டுகிற கூட்டில் பூமி தேய்ஞ்சிடும் என்று.

றமீசுக்கும் தூசிக்கும் உள்ள உறவு வேறு மாதிரி. அவன் குவைத்துக்குப் போனது ஒரு கிளீனிங் கொம்பனியில் வேலைக்கு. பெரிய பெரிய வீடுகளில் சுவரோடு சுவர் முட்டக் கம்பளம். பாலைவனத்துத் தூசி அதற்குள் மாவு மாதிரி இறங்கிக் கிடக்குமாம். புது மெசின்கள் மேலால் தடவிவிட்டுப் போய்விடும் என்றும், ஸ்டோருக்குள் தூக்கி எறிந்திருந்த பழைய மெசின்தான் அடியிலிருந்து கிளப்பும் என்றும் அங்கே ஒருநாள் கண்டுபிடித்தான். அதோடு ஆள் மாறிப்போனான். மற்றவர்களின் தம்பிமார் வெளிநாட்டால் வரும்போது ரீவியும் போர்வையும் கொண்டுவந்தார்கள். அவளுடைய தம்பி கப்பலில் போட்டுக் கொண்டுவந்தது பாசிப்பச்சை நிறத்தில், ஆளுயரப் பிடியோடு, தூசி உறிஞ்சுகிற ஒரு கிழட்டு வக்கியூம் மெசின். கூடவே, ராத்தாவுக்கென்று சிவப்பில் பூப்போட்ட ஒரு கம்பளம்.

ஊரில் இப்போது அவனைக் கம்பள றமீஸ் என்றால்தான் தெரியும். அரிப்பிலிருந்து அடம்பன் வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபமென்றாலும் விசேசத்துக்கு முதல்நாள் அவனுக்குத்தான் போன் கோல் வரும். பள்ளிவாசலிலும் அவன், கோயில் மண்டபத்திலும் அவன். செய்கிற வேலையில் ஒரு பொய் கிடையாது. கதிரையைத் தூக்காமல் சுற்றிப் போகிற பழக்கம் கிடையாது. இதையெல்லாம் சபூரா மீன் வாங்கப் போகிற இடத்திலும் சொல்லுவாள், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவளுக்கும் சொல்லுவாள். வெள்ளிக்கிழமை விசயத்தை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டாள். அது வெளியில் சொல்லக்கூடிய விசயமில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அஸர் தொழுகை முடிய இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் வஸீர், மின்சாரச் சாமான் திருத்துகிற கடைக்காரர். யப்பானிலிருந்து கொள்கலனில் வருகிற பழைய சாமான்களுக்குள் கையை விட்டு விட்டுத் தேடியே நகக்கண் கறுத்துப்போன மனுசன். மற்றவர் டொமினிக், கப்பலில் அறை துப்புரவு செய்து ஓய்ந்தவர். மூன்று பேரும் ஒரு துண்டுக் காபட்டில் ஒரே அளவு ஊத்தையைக் கொட்டி, காலால் மிதித்து உள்ளே இறக்கி, ஒவ்வொரு மெசினாக ஓட்டுவார்கள். ஓட்டி முடிந்ததும் பையை வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் கொட்டி, குந்தியிருந்து பார்ப்பார்கள். முகத்தைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். சில நேரம் மணந்தும் பார்ப்பார்கள். அஸ்தஃபிருல்லாஹ்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை, வந்தார்கள். வஸீரின் கையில் சிலுப்பர் வாங்கின பை ஒன்று.

“ராத்தா, முகத்தை அப்படி வைக்காதீங்கோ. சலூன் பெடியனிட்டச் சொல்லிவைச்சு எடுத்தது. சுத்தமான மயிர்.”

“மயிரில என்ன வஸீர் சுத்தமான மயிர்?”

“அதைத்தான் நானும் கேட்டனான் அக்கா” என்றார் டொமினிக். அவர் சேட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை வெளியில் எடுத்தார். “நான் கொண்டுவந்தது நேர்மையான சாமான். கருவாடு காயப்போடுற இடத்து மண். செதிளும் இருக்கு, கொஞ்சம் மீன்முள்ளும் இருக்கு.”

நாற்றம் குசினி வரைக்கும் வந்தது. சபூரா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அடுப்பில் நாளைக்கென்று வறுத்துக்கொண்டிருந்த மாவின் வாசனை எங்கேயோ போய்விட்டது.

விறாந்தையில் விவாதம் தொடங்கியிருந்தது. வஸீர் யப்பான் மெசினின் கட்சி. அதன் உருளையில் தும்பு வரிசைக்கு நடுவில் மெல்லிய இறப்பர்ச் சிறகு.

“மயிர் சுத்தாது. பாருங்கோ, வழுக்கிக்கொண்டு பைக்குள்ள போகுது. உங்கட பச்சைக் கிழவி மயிரை எல்லாம் உருளையில சுத்தி வைச்சுக்கொண்டு கொண்டை போட்டிருக்கிறா.”

“சுத்தட்டும் நானா” என்றான் றமீஸ். “சுத்தின மயிரை வெட்டி எடுக்கலாம். அடியில கிடக்கிற மண்ணை உங்கட இறப்பர் எழுப்புமா? இந்தத் தும்பு நிக்கிற விதத்தைப் பாருங்கோ. ரெண்டு கரையில இருந்தும் சரிஞ்சு நடுவுக்கு வருது. கரையில கிடக்கிற ஊத்தையும் நடுவில இருக்கிற வாய்க்கு வந்துதான் ஆகோணும். இடையில இரும்புச் சட்டம். அது காபட்டை அடிச்சு உதறும்.”

“அடிச்சு அடிச்சுக் காபட்டையே மொட்டையாக்கும்” என்றார் டொமினிக். அவருடைய மெசின் தரையோடு இழுபடுகிற சிவப்புக் குடம். அதற்குச் சுழலுகிற உருளையே இல்லை. நீளக் குழாயின் முனையில் குதிரை மயிர் வைத்த தட்டைப் பிரஷ். “கப்பலில கப்ரினின்ர அறைக்கு இதுதான். மெத்துமெத்தெண்டு தடவும்.”

“தடவத்தான் செய்யும். கப்ரினை நித்திரையாக்கிப்போடும்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பச்சை மெசினைக் குப்புறக் கவிழ்த்தார்கள். உருளையில் சுற்றியிருந்ததைக் கத்திரிக்கோலால் வெட்டி றமீஸ் இழுத்தான். கயிறு மாதிரி வந்தது. கறுப்பு மயிர், நரைமயிர், சருகைநூல், கழுதைமயிர், எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்த ஏதோ ஒரு பிசின். வஸீர் அதை விரலால் தேய்த்துப் பார்த்து, “கேக் ஐசிங்” என்றார். “போன கிழமை மண்டபத்து ஐசிங்.”

சபூராவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அகப்பையோடு வெளியில் வந்தாள்.

“எழும்புங்கோ எல்லாரும். இது சாப்பாடு செய்யிற வீடு. நாளைக்கு ஆள் வந்து பார்க்கப் போகுது. உங்கட ஊத்தையையும் மெசினையும் தூக்கிக்கொண்டு வஸீரின்ர கடைக்குப் போங்கோ.”

டொமினிக் மரியாதையாக எழும்பினார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

“போறம் அக்கா. உண்மையா யோசிச்சா நாங்கள் செய்யிறதும் பிழைதான். நாங்களே ஊத்தையைக் கொட்டி நாங்களே எடுக்கிறம். அதில என்ன சோதனை? துப்புரவான வீட்டுக் காபட்டில ஓட்டிப் பார்த்தாத்தான் எந்தப் பிரஷ் திறம் எண்டு விளங்கும்.”

“அப்ப ஓட்டுங்கோ” என்றாள் சபூரா.

றமீஸ் தலையை நிமிர்த்தினான். “எதில ராத்தா?”

“என்ர காபட்டில. முன்னறையில. ஒவ்வொரு நாளும் காலமை கூட்டுறன். அதில குந்தியிருந்துதான் பொதி கட்டுறன். ஓட்டுங்கோ. மூண்டு பையிலயும் கடுகளவு வந்தாச் சொல்லுங்கோ. வராட்டி இந்த வீட்டு வாசலுக்கு இனி ஒரு மெசினும் வரக்கூடாது.”

“வேணாம் ராத்தா” என்றான் றமீஸ். மெதுவாகத்தான் சொன்னான். அவன் எதற்காக அப்படிச் சொன்னான் என்று அவள் பிறகுதான் யோசித்தாள்.

“ஏன், பயமா?”

முதலில் டொமினிக்கின் சிவப்புக் குடம். குதிரைமயிர் பிரஷ் கம்பளத்தைத் தடவிக்கொண்டே போய் வந்தது. வெள்ளைத் தாளில் கொட்டினார்கள். ஒரு சிட்டிகைத் தூசி, சிவப்பு நூல் இரண்டு. சபூரா இடுப்பில் கையை வைத்தாள். அடுத்தது யப்பான். அது கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுவந்தது, சோளகக் காற்றில் யன்னலால் வந்த மணல்தான், அதை யார் தடுக்கமுடியும்?

“பார்த்தீங்களா? மிச்சத்தையும் ஓட்டுங்கோ. ஓட்டிப்போட்டு நடையைக் கட்டுங்கோ.”

றமீஸ் பச்சை மெசினைக் கம்பளத்தில் வைத்தான். சுவிச்சைப் போட்டதும் அது உறுமியது. இரும்புச் சட்டம் கம்பளத்தை அடிக்கத் தொடங்கியது, தடதடவென்று. சிவப்புப் பூக்கள் நடுங்கின. கொஞ்சம் போனதும் சத்தம் மாறியது. உள்ளே ஏதோ அரிசி கொட்டுகிற மாதிரிப் பொலபொலவென்று கேட்டது. றமீஸ் சுவிச்சை நிறுத்தினான்.

“ஏன் நிப்பாட்டினனீ? முழுக்க ஓட்டு.”

ஓட்டினான். பையைக் கழற்றி, ராத்தாவைப் பார்த்தான். அவள் கையை நீட்டித் தாளைக் காட்டினாள்.

விழுந்தது ஒரு குவியல். முதலில் மணல், கறுப்பு மணல், எண்ணெயில் குளித்த மாதிரி. அதற்குள் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட இடியப்பத் துண்டுகள். துண்டுகளில் வண்டு துளைத்த ஓட்டைகள். தேங்காய்ப்பூ மஞ்சளாகிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. கரப்பான் சிறகுகள், கரப்பான் முட்டைக்கூடுகள், பல்லி எச்சம், பல்லியின் வால் ஒன்று. வெட்டின நகம். அது யாருடைய நகம்? அவளுடையதாகத்தான் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சபூராவின் நீளமான நரைமயிர், அவளுடைய சொந்த மயிர், வலை மாதிரிப் படர்ந்து கிடந்தது. அந்த வலை அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு புழு, உடம்பெல்லாம் பழுப்பு மயிரோடு, நெளிந்து வெளியே வந்து வெள்ளைத் தாளில் நடக்கத் தொடங்கியது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

வஸீரின் வாய் அவரையும் மீறி, “அந்தச் சட்டம்… என்ன அடி அடிச்சிருக்கு” என்றது. டொமினிக் அவருடைய காலை மிதித்தார்.

சபூரா கிணற்றடிக்குப் போய்ச் சத்தி எடுத்தாள். வயிற்றில் இருந்தது எல்லாம் போன பிறகும் ஓங்காளம் நிற்கவில்லை. இத்தனை வருசமாகத் தும்புத்தடியால் அவள் கூட்டியது கூட்டலே இல்லை, ஊத்தையைக் குத்திக் குத்தி உள்ளே இறக்கியிருக்கிறாள். அதற்கு மேலே சப்பாணி கொட்டிக் குந்தியிருந்து, இந்தக் கையால் இடியப்பம் அடுக்கிப் பொதி கட்டியிருக்கிறாள். தெருவிலே எத்தனை பிள்ளைகள் அதைச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போயின. மற்றவர்களின் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது கோப்பையின் விளிம்பைப் பார்த்துப் பார்த்துக் குடித்தவள் அவள். சவர்க்காரத்தை இரண்டு தரம் மூன்று தரம் போட்டுக் கையைத் தேய்த்தாள். கை சுத்தமாகவில்லை. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

உள்ளே வந்தபோது கூட்டாளிமார் இருவரும் கம்பளத்தைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்தார்கள். தாள் இல்லை. றமீஸ் முழங்காலில் நின்று தும்பால் சீமெந்துத் தரையை உரஞ்சிக்கொண்டிருந்தான். சவர்க்காரத் தண்ணி கறுப்பாக ஓடியது.

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“எது?”

“இப்படி வரும் எண்டு.”

“எல்லாரின்ர காபட்டிலயும் வரும் ராத்தா. குவைத்தில பெரிய மனுசர் வீட்டிலயும் இதுதான். அடியால அடிக்காட்டி ஒண்டும் தெரியாது.”

“பிறகேன்ரா ஒருநாளும் ஓட்டாமல் விட்டனீ?”

அவன் தரையை உரஞ்சிக்கொண்டே இருந்தான். “நீங்க கூட்டுறதைப் பார்த்தா ஓட்ட மனம் வராது.”

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மற்றத் தும்பை எடுத்து அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

மறுநாள் ஜெனிஸ்ரா சொன்ன நேரத்துக்கே வந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் குசினியைச் சுற்றிப் பார்த்தாள், பானை மூடிகளைத் திறந்து பார்த்தாள், தண்ணி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். எல்லாம் பளிச்சென்றிருந்தது. முன்னறைக் கதிரையில் இருந்து தேத்தண்ணியை எடுத்தாள்.

“சொன்னவையள் அக்கா, உங்கட வீடு கண்ணாடி மாதிரி எண்டு. சரியாத்தான் இருக்கு. அந்த மூலையில நிக்கிற சாமான்தான்…”

மூலையில் பச்சை மெசின் நின்றது. மற்ற இரண்டும் போய்விட்டன. அதைக் கொண்டுபோகச் சபூரா விடவில்லை.

“தம்பியின்ர வக்கியூம்.”

“பார்க்கவே அருவருப்பா இருக்கு. ஊரெல்லாம் ஊத்தை அள்ளுற மெசின் எல்லோ. சாப்பாடு செய்யிற வீட்டுக்குள்ள ஏன்? அதை எடுத்தீங்கள் எண்டா புதன்கிழமையே தொடங்கலாம்.”

றமீஸ் உடனே எழும்பி மெசினின் பிடியில் கையை வைத்தான். “இப்பவே கொண்டுபோறன் மிஸ்.”

“வை அதை” என்றாள் சபூரா.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. கண்ணாடி மாதிரி வீடு என்று பேசாலை வரைக்கும் பேசுவார்கள். ஆனால் அந்தப் புழு இன்னும் கண்ணுக்குள் நெளிந்துகொண்டிருந்தது.

“அது இந்த வீட்டில நிக்கும் ஜெனிஸ்ரா. நேற்று வரைக்கும் இதில ஒரு காபட் கிடந்தது. அதில இருந்துதான் பொதி கட்டினனான். இந்த மெசினைப் போட்டு அடிச்ச பிறகுதான் உள்ளுக்க என்ன கிடந்தது எண்டு கண்டன். புழு கிடந்தது. அந்தக் காபட் இனி வராது. மேசையில வைச்சுத்தான் கட்டப்போறன். ஆனா மெசின் போகாது. கிழமைக்கு ஒருக்கா இந்த வீட்டை அது பார்க்கோணும்.”

ஜெனிஸ்ரா கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்தாள். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

“உண்மையைச் சொல்லுறன் அக்கா. கேக்கவே எனக்கு வயித்தைப் பிரட்டுது.”

“எனக்கும்தான்.”

அவள் எழும்பிப் போய்விட்டாள். ஸ்கூட்டர் சத்தம் ஒழுங்கை முடிவில் அடங்கும் வரைக்கும் றமீஸ் மெசினின் பிடியை விடவில்லை. “ஏன் ராத்தா அதைச் சொன்னனீங்க?” என்றான். சபூரா அந்தக் கோப்பையை எடுத்துப்போய்க் கழுவினாள்.

இரண்டு நாள் கழித்து ஜெனிஸ்ரா கோல் எடுத்தாள். வேறு இரண்டு வீட்டையும் போய்ப் பார்த்தாளாம். இரண்டு வீட்டிலும் தூசி துரும்பு கிடையாது என்று சத்தியம் பண்ணினார்களாம்.

“முந்தியெண்டா நம்பியிருப்பன். நீங்கள் சொன்னதால பாயைத் தூக்கிப் பார்த்தன் அக்கா. ஐயோ, வேண்டாம், அதைச் சொல்லேலாது. புதன்கிழமை தொடங்குங்கோ. மேசையில கட்டுங்கோ. பிறகு, தம்பியை ஒருக்கா மெசினோட விடுதிக்கு அனுப்புங்கோ. ரெண்டு நாளா எனக்கு அந்த அறைக் காபட்டுகளில கால் வைக்க மனம் வரேல்ல.”

அடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, விடுதியின் முதல் அறையை அடித்த பையோடு மூன்று பேரும் விறாந்தையில் குந்தினார்கள். குசினி யன்னலும் கதவும் சாத்தியிருந்தன. அதைச் சபூராவே சாத்தினாள். வஸீர் யப்பான் மெசினையும் ஒரு தரம் அங்கே ஓட்டிப் பார்த்ததாகவும், முதலில் ஓட்டியிருந்தால் அதுவும் இவ்வளவும் எடுத்திருக்கும் என்றும் வாதாடிக்கொண்டிருந்தார். சபூரா புதுக் கரண்டி ஒன்றை நீட்டினாள். காம்பில் நகப்பூச்சால் சிவப்பு அடையாளம் போட்டிருந்தது.

“இது இதுக்கு மட்டும். குசினிக்குள்ள இதைக் கண்டனெண்டா உங்கட மூண்டு பேரின்ர தலைமயிரையும் அந்த உருளையில சுத்துவன்.”

றமீஸ் பையைக் கவிழ்த்தான். சபூரா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, தாளுக்குக் கிட்டக் குனிந்தாள்.

“ச்சீ” என்றாள். “என்ன சனமடா இது. அந்தக் கரண்டியால ஒருக்காத் தள்ளு. கீழ ஏதோ அசையுது.”